தமிழில் மருத்துவம் கற்பித்த மிஷனெரி
டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884)

ஒரு வைத்தியர் தம் வாழ்நாளில் எத்தனை பேரைக் குணமாக்க இயலும்? எவ்வளவுதான் உழைத்தாலும் அந்த எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் அவர் உருவாக்கும் மாணவர்களும் அவர் எழுதிவைக்கும் நூல்களும் அவர் மறைந்த பின்னும் பணியைத் தொடரும். இதனை நன்கு உணர்ந்து, தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத் தமிழருக்கென அர்ப்பணித்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில், கிரீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் 1822 அக்டோபர் 10 அன்று அவர் பிறந்தார். நியூயார்க் மாநகரின் வளர்ச்சிக்குப் பெரும்பங்காற்றிய ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் அவருடைய தமையனார். சாமுவேல் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தியிருந்தால் செல்வமும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னரே டாக்டர் ஜான் ஸ்கட்டர் பண்டத்தரிப்பிலும், டாக்டர் நேதன் வார்டு வட்டுக்கோட்டையிலும் மருத்துவப் பணி செய்திருந்தனர். வட்டுக்கோட்டையில் பணியைத் தொடங்கிய கிரீன், 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். நோயாளிகள் திரளாக வந்தனர். தாம் ஒருவரே எல்லாருக்கும் மருந்து கொடுத்து மாளாது என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். அந்த ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். உடலமைப்பு, மருந்தியல், அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம் ஆகியவற்றைப் பாடமாகவும், நோயாளியின் படுக்கையருகே செய்முறையாகவும் அவர்கள் கற்றனர்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. மாணவர்கள் திறமையாகவே தேறினர். ஆனால் ஆங்கிலம் கற்ற மருத்துவருக்கு அரசாங்க உத்தியோகம் எளிதாகக் கிடைத்தது. பலர் நகரங்களுக்கும் தொலைவிடங்களுக்கும் சென்றுவிட்டனர். எந்தக் கிராமங்களுக்காக அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்களோ, அந்தக் கிராமங்கள் முன்போலவே மருத்துவரின்றி நின்றன. நடை உடை பாவனைகளில் தம் மக்களிடமிருந்து விலகிப்போகும் மருத்துவனால் அவர்களுக்குப் பயனில்லை என்று கிரீன் கருதினார்.

1857இல் ஓய்வுக்காகத் தாயகம் திரும்பிய அவர், திருமணம் செய்துகொண்டு 1862இல் மனைவியுடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். இம்முறை ஒரு துணிந்த முடிவை எடுத்தார். 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்தலானார். ஆங்கிலம் தரும் உத்தியோகத்தை விரும்பியோருக்கு இது உவப்பாக இல்லை. தமிழில் இத்தனை நுட்பமான கலையைக் கற்பிக்க இயலுமா என்ற ஐயமும் இருந்தது. அவர் அந்த ஐயத்துக்குச் செயலால் விடையளித்தார்.

பாடநூல்கள் இல்லாத இடத்தில் அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் சேர்ந்து அவற்றை உருவாக்கினர். அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம் 1867இலும், உடலமைப்புக்கு மனுஷ அங்காதிபாதம் 1872இலும், வேதியியலுக்குக் கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல் தேவைப்பட்டபோது முதலில் தமிழில் தேடினர். கிடைக்காவிடில் வடமொழியை நாடினர். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்துக்கொண்டனர். தமிழ் அறியாத கிரீன் அந்நிய மண்ணில் அம்மொழியைக் கற்றார். மேலைநாட்டு மருத்துவம் அறியாத மாணவர்கள் அவரிடம் அக்கலையைக் கற்றனர். ஒருவரின்றி மற்றவரால் அந்த நூல்கள் பிறந்திரா. கொடுப்பவர், பெறுபவர் என்ற வேற்றுமை அங்கே மறைந்து, இரு சாராரும் உடன் ஊழியராயினர்.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள். வாந்திபேதி பரவிய காலங்களில் இம்மருத்துவர்கள் மக்களின் துயரில் துணைநின்றனர்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிரீன் தாயகம் திரும்ப நேர்ந்தது. அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. கடல் கடந்து கையெழுத்துப் பிரதிகள் சென்றுவந்தன. உடலியல் நூலாகிய மனுஷ சுகரணம் 1883இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு மே 28 அன்று, தாம் பிறந்த பண்ணையிலேயே அவர் கண்மூடினார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என அவர் விரும்பியிருந்தார்.

அவர் சென்ற சில ஆண்டுகளில் தமிழ் மருத்துவ வகுப்பு நின்றுபோனது. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. ஆயினும் அவர் விதைத்தது வீணாகவில்லை. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அறிவியல் தமிழின் முன்னோடி என அறிஞர்கள் அவரைப் போற்றுகின்றனர்.

சாத்தாம் துறையிலிருந்து படகேறிச் செல்லும் அந்தமானின் பாம்பூஃப்ளாட் முதல் மலையகச் சிற்றூர்கள் வரை, மருத்துவ உதவி தேவைப்படும் இடங்கள் நம் நாட்டில் பல உள்ளன. அங்கு மருந்துப் பெட்டியுடன் ஒருநாள் சென்று திரும்புவது நன்றே. அவ்வூரின் மகனையோ மகளையோ அவர்தம் மொழியிலேயே பயிற்றுவித்து, அவ்வூரிலேயே நிலைக்கச் செய்வது அதனினும் நன்று. கிரீனின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.