கவிஞர் ஆரோன் ஸைட்லின்

கவிஞன் மறைந்தாலும் பாட்டு வாழும் என்பர். பாட்டு வாழ்ந்து, பாடியவன் பெயரை உலகம் மறப்பதும் உண்டு. யூதக் கவிஞர் ஆரோன் ஸைட்லினுக்கு நேர்ந்தது அதுவே.

அவர் 1898-இல், இன்றைய பெலாரஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை ஹில்லெல் ஸைட்லின் பெரும் சமய அறிஞர். கிழக்கு ஐரோப்பிய யூதர் வீட்டிலும் கடைவீதியிலும் பேசியது யித்திஷ். வேதமும் வழிபாடும் எபிரேயம். எம்மொழியில் இலக்கியம் வளர்ப்பது என்று அவர்களுக்குள் பெரும் பூசல் நடந்தது. ஸைட்லினோ இரு மொழியிலும் பாடினார். போலந்தின் வார்சா நகரில் அவர் நடத்திய 'குளோபஸ்' என்னும் யித்திஷ் இதழில்தான், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஐசக் பஷெவிஸ் சிங்கரின் முதல் நாவல் வெளிவந்தது.

1939-இல் 'எஸ்தர்கே' என்ற தம் நாடகத்தை அரங்கேற்ற அழைப்பு வர, அவர் நியூயார்க் சென்றார். சில திங்களில் போர் மூண்டது. திரும்பும் வழி அடைபட்டது. மனைவி, பிள்ளை, தந்தை, உடன்பிறந்தார் யாவரும் வார்சாவில் சிக்கினர். 1942-இல் நாஜிகள் முதியவர் ஹில்லெலைக் கொன்றனர். குடும்பமே அழிந்தது. நாடக அழைப்பு ஒன்று அவரை மட்டும் காத்தது!

அந்நாடகத்திற்கு அவர் எழுதிய பாட்டுக்கு ஷோலம் செகுண்டா இசையமைத்தார். சந்தைக்குச் செல்லும் வண்டியில் கட்டுண்டு கிடக்கிறது ஒரு கன்று. மேலே தகைவிலான் குருவி தன்போக்கில் பறக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, 1960-இல் ஜோன் பயஸ் பாடிய பின் அது உலகெங்கும் பரவியது. கொலை முகாம்களைப் பற்றிய பாட்டென்றே பலர் எண்ணுகின்றனர். 1940-இல் அது மேடையேறியபோது அம்முகாம்கள் எழுந்திருக்கவில்லை. தம்மவர்க்கு வரவிருந்ததை அறியாமலே அவர் அதைப் பாடியிருந்தார்.

கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதரில் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். படிப்பவர் மாண்ட மொழியில் யாருக்காக எழுதுவது? ஆயினும் அவர் எழுதினார். நியூயார்க்கில் யித்திஷ் நாளேட்டில் பணியாற்றினார். யூத சமயக் கல்லூரியில் எபிரேய இலக்கியம் கற்பித்தார். அழிவையும் இறைநம்பிக்கையையும் பற்றி யித்திஷில் பாடினார். அதே துயரை எபிரேயத்தில் நெடும் நாடகக் கவிதையாக 1957-இல் வெளியிட்டார். கடவுளோடு வழக்காடினார், கடவுளைக் கைவிடவில்லை. இறப்புக்குப் பின் வாழ்வு உண்டா என ஆராய்ந்தும் எழுதினார். அவர் முடிவுகளை அறிவியல் பயில்வோர் ஏற்பது அரிது. எனினும், அத்தனை பேரைப் பறிகொடுத்தவர் அவ்வினாவை எழுப்பியதை யார் குறை கூறுவர்?

1973-இல் அவர் நியூயார்க்கில் காலமானார். கன்றின் பாட்டைக் கேட்கும்போது, அதைத் தந்தவர் பெயரையும் நாம் நினைவு கூர்வோம்.