வாழ்ந்தது செல்கிர்க்... பெயர் கிடைச்சது குரூசோவுக்கு! ஒரு தீவு பெயர் மாறிய கதை

சிலி நாட்டுக் கடற்கரையிலிருந்து சுமார் 670 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலில் ஒரு தீவு இருக்கிறது. அதன் அதிகாரப்பூர்வ பெயர் ராபின்சன் குரூசோ தீவு. ஆமாம், ஸ்கூல்ல நான்-டீடெயிலில் படிச்சோமே, அதே குரூசோதான்!

கதையில் வருகிற ஆளின் பெயரை ஒரு அரசாங்கமே தீவுக்கு வைத்தது ஏன்? அதைப் புரிந்துகொள்ள, அங்கே நிஜமாகவே தனியாக வாழ்ந்த ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த அலெக்சாண்டர் செல்கிர்க்?

1676-ல் ஸ்காட்லாந்தின் லோயர் லார்கோ கிராமத்தில் பிறந்தவர். அப்பா செருப்பு தைக்கும் தொழில் செய்தவர். செல்கிர்க்குக்கு மூக்குக்கு மேல கோபம். 1695-ல் தேவாலயத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார் என்று சபை விசாரணைக்குக் கூப்பிட்டபோது, ஆள் கடலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகும் மாறவில்லை. தெரியாமல் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டதைப் பார்த்து உடன்பிறந்தவர் சிரிக்க, அடிதடியாகி, 1701-ல் மறுபடியும் சபை முன்னால் நிற்க வேண்டியதாயிற்று.

1703-ல் ஸ்பெயின் கப்பல்களைக் கொள்ளையடிக்கக் கிளம்பிய ஆங்கிலேயப் பயணம் ஒன்றில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இது அரசு அனுமதியோடு நடந்த கொள்ளை. 'சிங்க் போர்ட்ஸ்' என்ற கப்பலில் வழி பார்த்துச் செலுத்தும் மாஸ்டர் வேலை அவருக்கு.

வாய்ச் சண்டையால் வந்த தனிமை

1704-ன் பிற்பகுதியில் கப்பல் இந்தத் தீவுக்கு வந்தது. அப்போது அதன் பெயர் மாஸ் அ தியெரா. கப்பலின் மரத்தைப் புழு அரித்திருந்தது. பழுது பார்க்காமல் கிளம்பினால் மூழ்கிவிடும் என்று செல்கிர்க் சொல்ல, கேப்டன் ஸ்டிராட்லிங் கேட்கவில்லை. அப்படின்னா என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க என்று வீம்புக்குச் சொன்னார். கேப்டன் நிஜமாகவே விட்டுவிட்டார்! மனசு மாறிக் கெஞ்சியும் பலனில்லை. கையில் இருந்தது துப்பாக்கி, கோடரி, கத்தி, சமைக்க ஒரு பாத்திரம், பைபிள், படுக்கை. அவ்வளவுதான்.

ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. கப்பல் பிறகு மூழ்கியது, பிழைத்தவர்கள் ஸ்பெயின்காரர்களின் சிறைக்குப் போனார்கள். கோபம்தான் இவரைக் காப்பாற்றியது என்றுகூட சொல்லலாம்.

ஆரம்பத்தில் தனிமை ஆளை வாட்டி எடுத்தது. ராத்திரியில் எலிகள் காலைக் கடித்தன. முன்பு வந்த கப்பல்களிலிருந்து தங்கிப்போன பூனைகள் அங்கே காட்டுப் பூனைகளாகத் திரிந்தன. அவற்றைப் பழக்கிப் பக்கத்தில் படுக்க வைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார். வெடிமருந்து தீர்ந்ததும் வெறுங்காலோடு ஓடியே ஆடுகளைப் பிடித்தார். ஒருமுறை ஆட்டோடு சேர்ந்து பாறையிலிருந்து விழுந்தார். ஆடு அடியில் சிக்கியதால் உயிர் தப்பினார். உடுப்பு கிழிந்தபோது ஆட்டுத்தோலைத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

நடுவில் கப்பலும் வந்தது. ஆனால் அது ஸ்பெயின் கப்பல். சிக்கினால் கதை முடிந்தது என்று மரத்தில் ஏறி ஒளிந்துகொண்டார்.

1709 பிப்ரவரியில் உட்ஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய கேப்டனின் கப்பல் வந்து அவரை மீட்டது. 4 வருஷம் 4 மாசம் பேச ஆளில்லாததால் அவருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. இதைத் தன் பயணப் புத்தகத்தில் ரோஜர்ஸ் 1712-ல் எழுத, லண்டனில் செல்கிர்க் பேசுபொருளானார். டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ' வந்தது 1719-ல். அதற்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் செல்கிர்க்தான்.

ஊர் வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. கடற்படையில் சேர்ந்து, 1721 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்கா அருகே கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் விட்டார்கள். அதனால் கல்லறைகூட கிடையாது.

சரி, பெயர் எப்படி மாறியது?

மாஸ் அ தியெரா என்றால் ஸ்பானிஷில் கரைக்குக் கொஞ்சம் பக்கம் என்று அர்த்தம். அதற்கு மேற்கே 150 கி.மீ.க்கும் அதிக தூரத்தில் இன்னொரு தீவு, மாஸ் அஃபுவேரா. அதாவது இன்னும் தள்ளி இருப்பது. மாலுமிகள் அடையாளத்துக்குச் சொன்ன பெயர்கள்தான் இரண்டும்.

1966-ல் சிலி அரசு இரண்டையும் மாற்றியது. காரணம் சுற்றுலா. உலகத்துக்கே தெரிந்த பெயர் குரூசோ என்பதால், செல்கிர்க் வாழ்ந்த தீவு ராபின்சன் குரூசோ தீவு ஆனது. இத்தனைக்கும் நாவலில் குரூசோ 28 வருஷம் இருந்த தீவு இந்தப் பக்கமே இல்லை, தென் அமெரிக்காவின் மறுபக்கம் ஒரினோகோ ஆற்று முகத்துக்கு அருகே!

செல்கிர்க்குக்கு? தள்ளி இருந்த அந்த இன்னொரு தீவு அலெகாண்ட்ரோ செல்கிர்க் தீவு ஆனது. அவர் தனியாக வாழ்ந்தது அங்கே இல்லை. இன்றைக்கும் சிங்கி இறால் பிடிக்கும் சீசனில்தான் அங்கே ஆட்கள் தங்குகிறார்கள்.

குரூசோ தீவின் மலை மேல், செல்கிர்க் கப்பல் வருகிறதா என்று பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்தில், பிரிட்டிஷ் கடற்படையினர் 1868-ல் வைத்த ஒரு நினைவுப் பலகை உண்டு. அதில் இருப்பது செல்கிர்க் பெயர்தான்.