முறிவைப் பொருத்திய கணக்கர்

ஜப்ர் என்னும் அரபுச் சொல்லுக்கு முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்ற பொருளும் உண்டு. பின்னத்தை அரபியர் கஸ்ர் என்பர், அதுவும் முறிவே. தமிழிலும் பின்னம் என்பது சிதைவைக் குறிக்கும். கணக்கிற்கு அஞ்சித் தமிழ் பயில வந்த நமக்கு, முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மியின்பால் ஈடுபாடு பிறந்தது இச்சொற்களின் வழியேதான்.

ஏறத்தாழ கி.பி. 780இல் பிறந்தவர்; ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் நாட்டின் பெயரைத் தம் பெயரில் தாங்கியவர். கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பாக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றினார். இந்திய எண்முறை, வானியல், நிலநூல் ஆகியன குறித்தும் எழுதினார். எனினும் அவர் புகழுக்கு நிலைக்களன், ஜப்ரும் முகாபலாவும் பற்றிய நூலே. கலீஃபாவின் ஊக்கத்தால், வணிகர்க்கும் நிலம் அளப்போர்க்கும் சொத்துப் பிரிப்போர்க்கும் பயன்படவே அதனை அவர் இயற்றினார். குறியீடுகள் இல்லை, யாவும் சொற்களே. இன்றைய மாணவர் எக்ஸ் என எழுதுவதை அவர் ஷைஃ, அதாவது பொருள், என்றார்.

அந்நூலின் பெரும்பகுதி பாகப்பிரிவினை பற்றியது. ஒரு கணக்கைக் காண்போம். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள் ஆகியோரை விட்டு ஒரு பெண் இறக்கிறாள். சொத்தில் எட்டிலொன்றும் ஏழிலொன்றும் சேர்த்து அயலார் ஒருவருக்கு வஸிய்யத் செய்துள்ளாள். அது போக எஞ்சியதில் கணவனுக்குக் கால் பங்கு. மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு. ஆகவே வாரிசுகளின் பங்கு 20: கணவனுக்கு 5, மகனுக்கு 6, மகள்களுக்குத் தலைக்கு 3. சொத்திலிருந்து அதன் எட்டிலொன்றும் ஏழிலொன்றும் நீங்கினால் இந்த 20 பங்குக்குச் சமம். எட்டுக்கும் ஏழுக்கும் பொதுவான 56ஆல் இருபுறமும் பெருக்கின் பின்னம் அகலும். 41 மடங்கு சொத்து 1120 பங்குக்கு ஈடாகும். எனவே பங்கொன்றை 41 கூறாகக் கொண்டால் சொத்து 1120 கூறு. அயலாருக்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருத்திக்கும் 123. ஓர் இம்மியும் எஞ்சவில்லை. எவர் பங்கும் குறையவில்லை. பாகம் பிரிக்கையில் கணக்குத் தவறி உறவு முறிந்த இல்லங்களை நாம் கண்டிருக்கிறோம். அம்மகளின் 123 எத்துணைப் பெரிதென்பதை அவர்கள் அறிவர்.

அல்-குவாரிஸ்மி 850ஆம் ஆண்டளவில் மறைந்தார். 1145இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ராபர்ட் அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். சமன்பாடுகள் ஐரோப்பா சென்றன. பாகப்பிரிவினைப் பகுதியோ அப்பெயர்ப்பில் இடம்பெறவில்லை. 1831இல் லண்டனில் ரோசன் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில்தான் கணவனும் மகனும் மூன்று மகள்களும் தத்தம் பங்குகளோடு மீண்டும் வந்தனர்.