பெ. தூரனின் தொகுப்புப் பணியும் மாணவர்க்கான அறிவியல் தமிழும்

ஆய்வுச் சுருக்கம்

பெ. தூரன் (1908–1987) கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் பெரிதும் அறியப்பட்டவர். தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் உருவாக்கியதில் அவர் செலவிட்ட காலம் அவருடைய வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் கொண்டது. அறிவியல் செய்திகளைத் தேர்ந்து, தலைப்பிட்டு, நிரல்படுத்தி மாணவர்க்கு அளித்த அப்பணியை ஒரு படைப்புச் செயலாகக் கருத வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கை வழியே இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெ. தூரனைக் கவிதை, சிறுகதை, நாடகம், குழந்தை இலக்கியம் என்னும் பிரிவுகளில் தனித்தனியே குறிப்பிடுகின்றன. இசையுலகம் அவரைக் கீர்த்தனை ஆசிரியராகப் போற்றுகிறது. கலைக்களஞ்சியப் பணியோ பெரும்பாலும் அவர் வகித்த பதவியாகவே குறிக்கப்படுகிறது. தொகுத்தல் எழுதுதலைவிடத் தாழ்ந்தது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய்வதற்கு அவருடைய வாழ்க்கையே தக்க சான்றாக அமைகிறது.

இளமையும் ஆசிரியப் பணியும்

ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியிலுள்ள மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பெரியசாமித் தூரன் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது நண்பர்களுடன் சேர்ந்து பித்தன் என்னும் இதழை நடத்தினார். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் வகையில் பட்ட வகுப்பின் இறுதித் தேர்வை எழுதாமல் விட்டார்.

பின்னர் தி. சு. அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியரானார். கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரிக்குச் செல்லும் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்த நிறுவனம் அது. 1938இல் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாயிற்று. அறிவியலைத் தமிழில் கற்பிக்க வேண்டிய கட்டாயமும், அதற்கான நூல்கள் போதாமையும் ஒருங்கே நிலவிய காலத்தில் தூரன் வகுப்பறையில் இருந்தார். குழந்தை உள்ளம், மனமும் அதன் விளக்கமும், பாரம்பரியம், கருவில் வளரும் குழந்தை முதலிய நூல்கள் உளவியலையும் உயிரியலையும் பொது வாசகர்க்கு விளக்க அவர் எழுதியவை. இளம் உள்ளம் ஒரு செய்தியை எவ்வாறு ஏற்கிறது என்னும் வினா அவருடைய எழுத்தில் கலைக்களஞ்சியப் பணிக்கு முன்பே இடம்பெற்றுவிட்டது.

கலைக்களஞ்சியத் திட்டம்

தமிழில் அகரநிரல் நோக்கு நூல்கள் முன்பே இருந்தன. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இலும் வெளிவந்தன. இவை புராண, இலக்கியச் செய்திகளையே முதன்மையாகக் கொண்டவை. அனைத்து அறிவுத் துறைகளையும் தழுவிய நவீனக் கலைக்களஞ்சியம் ஒன்று தேவை என்னும் எண்ணத்தைச் செயலாக்கியவர், அப்போது சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக விளங்கிய அவினாசிலிங்கம். 1946இல் அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம் இப்பணியை ஏற்றது. 1948இல் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றார். முதல் தொகுதி 1954இலும் ஒன்பதாம் தொகுதி 1963இலும் வெளிவந்தன. பத்தாம் தொகுதி 1968இல் இணைப்பாக அமைந்தது.

பல துறை அறிஞர்கள் எழுதிய கட்டுரைகளை ஒரு நூலாக்கும் பொறுப்பில் மூன்று சிக்கல்கள் இயல்பாக எழுகின்றன. முதலாவது தலைப்புச்சொல். ஆக்சிஜன், பிராணவாயு, உயிர்வளி ஆகிய மூன்றும் ஒரே வளிமத்தைக் குறிக்கின்றன. பாடநூலில் இது நடை பற்றிய வேறுபாடு மட்டுமே. அகரநிரல் நூலிலோ அது பொருள் எங்கே கிடைக்கும் என்பதையே தீர்மானிக்கிறது. ஒரு சொல்லை மட்டும் அறிந்த மாணவர் மற்றொரு சொல்லின் கீழுள்ள செய்தியைக் காணாமலே போகக்கூடும். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சி முதல் நிகழ்ந்துவந்த சொல்லாக்க விவாதங்கள், தொகுப்பாசிரியரின் மேசையில் இடம் குறிக்கும் சிக்கலாக உருமாறின.

இரண்டாவது, காலம். முதல் தொகுதிக்கும் ஒன்பதாம் தொகுதிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டன. அவ்வாண்டின் சட்டத்தால் மெட்ரிக் அளவை முறைக்கு வழி வகுக்கப்பட்டது. 1957இல் தசம நாணயம் புழக்கத்துக்கு வந்தது. அவ்வாண்டிலேயே முதல் செயற்கைக்கோளும் விண்ணில் செலுத்தப்பட்டது. 1961இல் புதிய மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. மைல், பவுண்டு, அணா ஆகியவற்றில் தொடங்கிய ஒரு தலைமுறையின் அளவுணர்வு, நூல் முடியும் முன்பே மாறிவிட்டது. அகரநிரலில் தொகுதி தொகுதியாக வெளிவரும் நூலில் முந்தைய எழுத்துக்குத் திரும்பிச் செல்ல இயலாது. இறுதியில் இணைப்புத் தொகுதி ஒன்று தேவைப்பட்டதை இப்பின்னணியில் காண வேண்டும்.

மூன்றாவது, சிதறல். அகரநிரல் தேடுவோர்க்கு எளிது. கற்போர்க்கு அது பொருளைப் பிரித்துவிடுகிறது. 1908இல் ஆர்தர் மீ இங்கிலாந்தில் வெளியிடத் தொடங்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் இதனாலேயே அகரநிரலைத் தவிர்த்துப் பொருள்வாரியாக அமைந்தது.

குழந்தைகள் கலைக்களஞ்சியம்

பெரிய களஞ்சியத்தின் பத்தாம் தொகுதி வெளிவந்த 1968ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளிவந்தது. பத்துத் தொகுதிகளும் 1976இல் நிறைவுற்றன. இதற்கும் தூரனே முதன்மைப் பதிப்பாசிரியர். தொகுதிகள் மெலிந்தவை; வண்ணப் படங்கள் நிறைந்தவை. அறிஞர்க்குரிய நூலைச் சுருக்கி எளிமையாக்கினால் மாணவர்க்குரிய நூல் கிடைத்துவிடும் என்று எண்ணுவது பொருந்தாது. பக்கம் குறையும்போது எதை விடுவது என்னும் முடிவு கடினமாகிறது. படம் இடம்பெறும்போது உரை எதைச் சொல்லத் தேவையில்லை என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீலகிரியில் உதகமண்டலத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கில் பயிலும் மாணவர் ஒருவர், குளிர்காலத்தில் காய்கறித் தோட்டங்களில் உறைபனி படிவதைக் காண்கிறார். மலையடிவார மேட்டுப்பாளையத்தில் அது இல்லை. காரணம் தேடும் அவர்க்கு உயரம், வெப்பநிலை, வளிமண்டலம், பனி ஆகிய தலைப்புகள் வேண்டும். அவ்வூர் நிலையத்தில் நின்று செல்லும் மலை இரயில், கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத்தின் துணையுடன் ஏறுகிறது. கேத்தி வழியே உதகைக்கு அது இல்லாமலே ஓடுகிறது. இவ்வேறுபாட்டை அறிய உராய்வு, சாய்தளம், பற்சக்கரம் ஆகியவை வேண்டும். மாணவரின் வினா ஒன்று; விடையோ பல எழுத்துகளின் கீழ்ப் பிரிந்து கிடக்கும். அவற்றை இணைப்பது காண்க என்னும் ஒரு சிறு சொல்லும், முறையான தலைப்புத் தேர்வுமே. அகரநிரல் நூலைத் தொகுப்பவர் எழுதப்படாத வினாக்களை முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டியவராகிறார். வகுப்பறையில் பழகிய ஒருவர் அப்பொறுப்பில் அமர்ந்தது இவ்வகையில் சிறப்புடையது.

தொகுப்பும் படைப்பும்

தூரனின் பிற பணிகளிலும் இதே பண்பு காணப்படுகிறது. சுதேசமித்திரன் இதழ்களில் பரவிக் கிடந்த பாரதியார் எழுத்துகளைத் திரட்டிக் கால வரிசைப்படி பாரதி தமிழ் என்னும் நூலாக 1953இல் வெளியிட்டார். பாரதியின் சிந்தனை வளர்ச்சியைக் காண அக்கால வரிசை வழி திறந்தது. நாட்டுப்புறப் பாடல்களைக் காற்றில் வந்த கவிதையாகத் தொகுத்தார். மாயக்கள்ளன், கொல்லிமலைக் குள்ளன் முதலிய சிறுவர் கதைகளையும் எழுதினார். பொருளின் தன்மைக்கும் பயன்கொள்வோரின் தேவைக்கும் ஏற்ப நிரலைத் தெரிவு செய்தல் இவற்றின் பொதுக்கூறு. பாரதிக்குக் கால நிரலும் களஞ்சியத்துக்கு அகர நிரலும் பொருந்தின. 1968இல் பத்ம பூஷண் விருது பெற்ற தூரன் 1987ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் மறைந்தார்.

முடிவுரை

தூரனின் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. குழந்தைகள் கலைக்களஞ்சியத்திலுள்ள அறிவியல் செய்திகளில் பல காலத்தால் பழையனவாகியிருக்கும். முதல் தொகுதி வெளிவந்த மறு ஆண்டே மனிதர் நிலவில் இறங்கினர். செய்தி பழையதாவதால் நூல் பயனற்றதாவதில்லை. எதைத் தலைப்பாக்குவது, எச்சொல்லால் அழைப்பது, எதை எதனுடன் இணைப்பது என்னும் முடிவுகள் அதில் பதிவாகியுள்ளன. அறிவியல் தமிழ் வரலாறு இதுவரை கலைச்சொல் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. இரு களஞ்சியங்களின் தலைப்புச்சொற்களையும் குறுக்குக் குறிப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தால், அறிவைத் தமிழில் நிரல்படுத்திய வரலாறும் எழுதப்படும். அவ்வரலாற்றில் தூரன் பதவி வகித்தவராக அன்றி, ஆசிரியராகவே இடம்பெறத் தக்கவர்.