சேரியில் ஒரு தாய்

மருந்து தருபவர் மருத்துவர். அம்மருந்து பலன் தராதபோதும் நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பவரே செவிலி. சகோதரி நிவேதிதை அத்தகைய பணியை ஏற்ற காலம் 1899.

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த மார்கரெட் நோபிள், 1898 ஜனவரியில் கல்கத்தா வந்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் சுவாமி விவேகானந்தர் அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, நிவேதிதை என்று பெயரிட்டார். அவர் தொழிலால் ஆசிரியை. எனினும் காலம் அவரிடம் வேறொரு தொண்டையும் வேண்டியது.

1899-இல் கல்கத்தாவைப் பிளேக் நோய் மீண்டும் தாக்கியது. மார்ச் 31 அன்று ராமகிருஷ்ண மிஷன் ஒரு நிவாரணக் குழுவை அமைத்தது. நிவேதிதை அதன் செயலாளர். களப்பணியின் தலைவர் சுவாமி சதானந்தர். துப்புரவுத் தொழிலாளர்களுடன் சதானந்தர் சேரிகளில் இறங்கி, மலைபோல் குவிந்திருந்த குப்பைகளை அகற்றினார். நிவேதிதை செய்தித்தாள்கள் வாயிலாக நிதி வேண்டினார். ஏப்ரல் 22 அன்று கிளாசிக் அரங்கில் சுவாமிஜியின் தலைமையில் மாணவரிடையே உரையாற்றினார். சுமார் 15 மாணவர்கள் தொண்டர்களாயினர். ஒருநாள் ஆள் கிடைக்காதபோது நிவேதிதை தாமே துடைப்பம் ஏந்தித் தெருவைப் பெருக்கினார். அதுகண்டு நாணிய இளைஞர்கள் தாங்களும் துடைப்பம் ஏந்தினர்.

பாக்பஜார் சேரியில் ஒரு குழந்தையைப் பிளேக் பற்றியது. அதற்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் ராதாகோவிந்த கர். சேரியின் நிலையறிய நிவேதிதை அவரது இல்லம் சென்று காத்திருந்தார். கிருமியின் அபாயத்தை டாக்டர் எடுத்துரைத்தார். ஆயினும் அன்று பிற்பகல் அவர் மீண்டும் சேரிக்குச் சென்றபோது, ஈரம் கசியும் அக்குடிசையில் நிவேதிதை குழந்தையை மடியில் ஏந்தி அமர்ந்திருப்பதைக் கண்டார். இரவும் பகலும் அவர் அங்கேயே தங்கினார். குடிசையைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டியிருந்தது. தாமே ஏணி வைத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினார். மரணம் உறுதி என்று தெரிந்த பின்னரும் அவரது பணிவிடை தளரவில்லை. இரண்டு நாட்களுக்குப்பின் குழந்தை அவரது மடியிலேயே உயிர் நீத்தது. நோயாளிகளின் மருந்துச் செலவுக்காக அந்நாட்களில் அவர் தாம் அருந்திவந்த பாலையும் விட்டுவிட்டார்.

அக்குழந்தை பிழைக்கவில்லை. எனில் அப்பணி வீணாயிற்றா? ஜீவனைச் சிவனாகக் காண்பவருக்குச் சேவை என்பது வழிபாடு. வழிபாட்டின் மதிப்பைப் பலனைக் கொண்டு அளப்பதில்லை. அவ்வழிபாட்டையும் நிவேதிதை தனித்துச் செய்யவில்லை. துறவியின் உழைப்பு, மருத்துவரின் அறிவு, மாணவரின் உற்சாகம், தொழிலாளியின் கரம் ஆகிய அனைத்தும் இணைந்திருந்ததால்தான் ஒரு தாயின் மடி அக்குடிசை வரை செல்ல முடிந்தது.

1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் நிவேதிதை உடலை உகுத்தார். நம் அண்டை வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும்போது, அவரது வாழ்வு நம்மையும் அவ்வாசலுக்கு அழைக்கிறது.