ஆச்சேயின் வீரத்தாய்

ஒல்லாந்தர் என்றதும் முன்பெல்லாம் எனக்குக் காலிக் கோட்டைதான் நினைவுக்கு வரும். இப்போது ஒரு பெண்ணும் நினைவுக்கு வருகிறார். சுமாத்திரா தீவின் வடமுனையில் அதே ஒல்லாந்தரை எதிர்த்து நின்ற சுட் நியாக் தீன் அம்மையார்தான் அவர்.

ஆச்சே சுல்தானகத்தின் பிரபுக் குடும்பமொன்றில் 1848இல் பிறந்த அவர், சிறு வயதிலேயே மார்க்கக் கல்வி பெற்றார். 1873இல் ஒல்லாந்தர் படையெடுத்தனர். பைத்துர் ரஹ்மான் பெரிய பள்ளிவாசல் தீக்கிரையானது. 1878இல் கணவர் இப்ராஹிம் ஷஹீதானார். தாமும் களம் செல்லச் சம்மதித்த உமரை 1880இல் மணந்தார்.

இரு தரப்பையும் நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒல்லாந்தரிடம் போர்க் கப்பல்களும் பீரங்கிகளும் இருந்தன. ஆனால் காடு அவர்களுக்கு அந்நியம்; வாந்திபேதி பலரைப் பலிகொண்டது. ஆச்சே மக்களுக்கோ மலைப்பாதைகள் தெரியும்; உலமாக்களின் வழிகாட்டலும் ஊராரின் ஆதரவும் இருந்தன. ஆயுதம்தான் குறைவு. அதைவிடப் பெரிய குறை ஒற்றுமையின்மை. பிரபுக்கள் சிலர் எதிரியோடு இணங்கிப்போயினர். ஸ்னூக் ஹுர்குரோன்யே என்ற அறிஞரைக் கொண்டு அந்தப் பிளவை ஒல்லாந்தர் ஆராய்ந்தனர். காட்டிலே போரிடும் தனிப்படையும் அமைத்தனர். அவர்கள் தம் குறையைத் திருத்திக்கொண்டனர். ஆச்சே மக்களால் அது முடியவில்லை.

உமர் 1893இல் பணிந்தவர்போல் நடித்து, 1896இல் எதிரியின் துப்பாக்கிகளோடு தம் மக்களிடம் திரும்பினார். 1899இல் அவரும் ஷஹீதானார். அழுத மகளைத் தேற்றாமல் கண்டித்த தீன், தாமே படைக்குத் தலைமை தாங்கினார். ஆண்டுகள் சென்றன. பார்வை மங்கியது, மூட்டுவலி வாட்டியது, உணவும் அரிதானது. அவர் படும் துன்பத்தைப் பொறுக்காத தோழர் பாங் லாஓட், அவரது இருப்பிடத்தை ஒல்லாந்தரிடம் சொல்லிவிட்டார். 1905இல் தீன் கைதானார்.

அந்தத் தோழர்மீது எனக்கு முதலில் கோபம் வந்தது. அது துரோகமா, இரக்கமா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஜாவாவின் சுமெடாங்கிற்கு நாடுகடத்தப்பட்ட அவர், அங்குள்ளோருக்குக் குர்ஆன் கற்றுக்கொடுத்தார். 1908 நவம்பர் 6இல் வபாத்தானார். 1964இல் இந்தோனேசியா அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது.

மண்ணையும் ஆயுதத்தையும் எதிரி பறித்துக்கொண்டான். சிறு வயதில் கற்ற கல்வி மட்டும் கடைசிவரை அவரோடு இருந்தது. பாடப் புத்தகத்தைத் திறக்கச் சோம்பல் வரும்போதெல்லாம், பார்வையற்ற அந்தத் தாயை நான் நினைத்துக்கொள்கிறேன்.