சம்பளம் 2 டாலர் கூட தர மறுத்த ஒய்.எம்.சி.ஏ... கார்ப்பரேட் உலகையே பேச வைத்தவர்! யார் இந்த டேல் கார்னகி?

சேல்ஸ் டீமுக்கு டார்கெட் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கரைக் கூட்டி வந்து பேச வைப்பது இன்றைக்கு பல கம்பெனிகளில் சாதாரண விஷயம். இந்தத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் டேல் கார்னகி.

மிசௌரி மாகாணத்தில் 1888-ல் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆற்றில் வெள்ளம் வந்தால் விளைச்சல் மொத்தமும் போய்விடும். வாரன்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் தங்கிப் படிக்க காசு இல்லாததால் வீட்டிலிருந்து தினமும் குதிரையில் போய் வந்தார். அங்கே பேச்சுப் போட்டிகளில் தோல்வி மேல் தோல்வி. அப்புறம்தான் ஜெயிக்க ஆரம்பித்தார்.

படிப்பு முடிந்ததும் ஆர்மர் கம்பெனிக்காக பன்றி இறைச்சி, சோப்பு விற்றார். சவுத் ஒமாஹாவை மையமாகக் கொண்ட தன் ஏரியாவை விற்பனையில் முதலிடத்துக்குக் கொண்டு வந்தார். ஆனால் அதை விட்டுவிட்டு நடிகர் ஆகணும்னு நியூயார்க் போனார். நடிப்பு கைகொடுக்கவில்லை. லாரி விற்றார், அதுவும் பிடிக்கவில்லை.

1912-ல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் இரவு நேரப் பேச்சு வகுப்பு நடத்த ஒரு இரவுக்கு 2 டாலர் கேட்டார். தர மறுத்து, வருமானத்தில் பங்கு மட்டும் தருவதாகச் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தப் பங்கு ஒரு இரவுக்கு 30 டாலர் வரை போனது!

முதல் வகுப்பில் நடந்ததுதான் சுவாரஸ்யம். தயாரித்து வைத்திருந்த பாடம் பாதியிலேயே தீர்ந்துபோச்சு. வேறு வழியில்லாமல் பின்வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பி, அவரைப் பற்றியே பேசச் சொன்னார். அடுத்தடுத்து எல்லோரும் பேசினார்கள். கோபம் வந்த விஷயத்தைப் பேசச் சொன்னால் பயம் தானா விலகுது என்பதையும் போகப்போக கண்டுபிடித்தார். இன்றைய பல பேச்சாளர்கள் மாதிரி இரண்டு மணி நேரம் தானே பேசிவிட்டுக் கிளம்பவில்லை, வந்தவர்களைப் பேச வைத்தார். வியாபாரிகளும் மேனேஜர்களும் காசு கொடுத்தது அதற்குத்தான்.

விளம்பர சூட்சுமமும் தெரிந்தவர். பிறப்பில் வேறு மாதிரி இருந்த தன் பெயரின் எழுத்துக்களை, எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயர் போலவே மாற்றிக்கொண்டார். இருவருக்கும் உறவு எதுவும் இல்லை!

அவர் வகுப்புக்கு வந்த பதிப்பக அதிகாரி லியோன் ஷிம்கின் தூண்டுதலால் 1936-ல் வெளியானதுதான், நண்பர்களைப் பெறுவது எப்படி என்று சொல்லும் அந்தப் பிரபலமான புத்தகம். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்த நேரம் அது. உலகம் முழுக்க 3 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

விமர்சனமும் உண்டு. சிரிப்பையும் பாராட்டையும் விற்பனைக் கருவியாக்கிவிட்டார் என்பது பழைய குற்றச்சாட்டு. பொய்ப் புகழ்ச்சி வேண்டாம் என்று அவர் எழுதியிருக்கிறார்தான். ஆனால் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார் என்பது அவர் கையில் இல்லையே! கொலைக் கும்பல் தலைவன் சார்லஸ் மேன்சன் கூட சிறையில் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததாக வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

1955 நவம்பர் 1-ல் கார்னகி காலமானார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மேடை என்றாலே நடுங்கிய ஒரு இளைஞர் இதே வகுப்புக்கு 100 டாலர் செக் கொடுத்துவிட்டு, பயத்தில் அந்த செக்கையே நிறுத்திவிட்டார். பிறகு ஒமாஹாவில் 100 டாலரை ரொக்கமாகக் கட்டி சேர்ந்தார். அவர் பெயர் வாரன் பஃபெட். பின்னாளில் அவர் ஆபீஸ் சுவரில் மாட்டியது பல்கலைக்கழகப் பட்டங்களை அல்ல, அந்த வகுப்பின் சான்றிதழைத்தான்.